குளிர் அறையில் தற்காலிகப் பெட்டி: பால் பைத்தானுக்குச் சூடு வைக்கும் முறை

புதிதாக வாங்கிய பாம்பைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். மைட்ஸ் என்கிற சிற்றுண்ணி வந்து, பாம்பு வழக்கமாக வசிக்கும் கண்ணாடிக் கூண்டான விவேரியத்துக்கு மருந்தடிக்க வேண்டும். கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், அல்லது வீடு மாறுகிறீர்கள். காரணம் எதுவானாலும், பாம்பைச் சில வாரம் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டிய கட்டம் எப்படியும் வந்துவிடும். கோடையில் இது ஒரு வேலையே இல்லை. லண்டன் ஜனவரியில், ராத்திரி ஹீட்டிங்கை அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டில், அறை 16 டிகிரிக்கு இறங்கும்போதுதான் சிக்கல். இந்தப் பதிவு அந்த அறைக்கானது. கணக்கெல்லாம் பால் பைத்தானை (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) வைத்துத்தான். கார்ன் ஸ்நேக் வைத்திருப்பவர்களுக்கு எங்கே மாறும் என்று இடையில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பாம்பு, சாரை என்று நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் அரசிடம் பதிவு கட்டாயம். ஹீட் மேட் (பெட்டிக்கடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

பால் பைத்தானின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. எலி வளையிலும் கரையான் புற்றிலும் பதுங்கி வாழ்கிற பாம்பு. அதற்குப் பெட்டியின் ஒரு முனையில் தரை 31 முதல் 32 டிகிரி (எல்லாம் செல்சியஸ்) இருக்க வேண்டும், மறுமுனையில் காற்று 25 டிகிரியை ஒட்டி. தற்காலிகப் பெட்டிதானே என்று குளிர்ந்த முனையை 20-க்கு விட்டுவிடக் கூடாது. ஓரிரு இரவு பொறுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஓடினால் மூச்சுக்குழாயில் தொற்று வரக்கூடும். கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்தது, குளிருக்குக் கொஞ்சம் பழக்கப்பட்டது. அதற்குச் சூடான முனை 29, 30 போதும். குளிர்ந்த முனை 22, இரவில் 20 ஆனாலும் ஒன்றும் ஆகாது. அதனால் அறை 18-க்குக் கீழே போகாத வீட்டில் கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு ஹீட் மேட்டும், சூட்டை அளந்து அதை எரியவிட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டும் இருந்தால் வேலை முடிந்தது. மீதிப் பதிவு பால் பைத்தான்காரர்களுக்கு.

மேட் தரையைத்தான் சூடாக்கும்

பெட்டிக்கடியில் மேட்டை வைத்தாயிற்று, தெர்மோஸ்டாட் 32 காட்டுகிறது, ஆனாலும் பாம்பு நாள் முழுக்க மேட்டின்மேலேயே சுருண்டு கிடக்கிறது, மறுபக்கம் போவதே இல்லை. குளிர்காலத்தில் அடிக்கடி கேட்கிற புகார் இது. காரணம் எளியது. தோசைக்கல் சூடாக இருப்பதால் சமையலறை சூடாகிவிடாது. மேட்டின்மேல் உள்ள தரை 32, இரண்டு அங்குலம் மேலே காற்று 20, மறுமுனையில் 17. பாம்புக்கு அங்கே போக வழியில்லை. ஒரே இடத்தில் கிடப்பதால் அந்த இடத்தின் சூடும் அடங்கி ஏறுகிறது. உடலின் கீழ்ப்பக்கம் வேகிறது, மேல்பக்கம் குளிர்கிறது.

இந்த இடத்தில் பலரும் பெரிய மேட் வாங்கப் போகிறார்கள். என் கருத்தில் அது தப்பு வழி. முதலில் சூடு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

60 செ.மீ. நீளம், 40 அகலம், 20 உயரம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு 0.88 சதுர மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை என்று சொல்லலாம். உள்ளேயும் வெளியேயும் ஒட்டியிருக்கும் காற்றுப்படலம்தான் தடுக்கிற கொஞ்சத்தையும் தடுக்கிறது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 4 வாட் வெளியே போகும். அறை 17, பெட்டிக்குள் சராசரி 25 என்றால் வித்தியாசம் 8 டிகிரி. பெருக்கினால் 28 வாட். பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்கை மூடும் மேட் சுமார் 12 வாட்தான் தரும். அது எத்தனை மணி நேரம் எரிந்தாலும் எட்டாது.

இப்போது அதே பெட்டியின் நான்கு பக்கத்திலும் அடியிலும் 25 மி.மீ. தெர்மாகோல் பலகை வையுங்கள். அந்தப் பக்கங்களில் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். மொத்தம் 13 வாட். மூடியின் மூன்றில் இரண்டு பங்கையும் அதே பலகையால் மூடினால் 9 வாட்டை ஒட்டி வரும். அதே 12 வாட் மேட் இப்போது போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இது தோராயக் கணக்குதான், உங்கள் மேசையும் அறையும் கொஞ்சம் மாற்றும். ஆனால் 28 எங்கே, 9 எங்கே.

காற்றுத் துளைகளைப் பற்றியும் இதே கணக்கு ஒன்று சொல்கிறது. சூடு போய்விடும் என்று பயந்து துளைகளை டேப் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது 48 லிட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை முழுக் காற்றும் மாறினாலும் அதனால் போகிற வெப்பம் ஒரு வாட்டைத் தொடாது. துளையை அடைத்து நீங்கள் மிச்சப்படுத்துவது ஒன்றுமில்லை. உள்ளே ஈரம் தங்கி, சுவரில் வியர்த்து, தரைக் காகிதம் நனைவதுதான் மிச்சம்.

பெட்டியும் இடமும்

பாலிப்ரொப்பிலீன் பெட்டி எடுங்கள். அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்று இருக்கும். கண்ணாடிபோல் தெளிவாகத் தெரியும் பாலிஸ்டைரீன் பெட்டி துளை போடும்போதே வெடிக்கும். மூடியில் இரண்டு பக்கமும் பூட்டும் கிளிப் வேண்டும். நீளப் பக்கத்தின் நடுவில் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். கிளிப் போட்ட பிறகும் அங்கே இடுக்கு விழுந்தால், பாம்பு அந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்கும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மூடிமேல் புத்தகம் அடுக்குவது தீர்வல்ல. பட்டை போட்டு இறுக்குங்கள், இல்லை வேறு பெட்டி வாங்குங்கள்.

துளைகளைச் சால்டரிங் அயர்னால் 5 மி.மீ. அளவில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குத்துங்கள். உருகி நிற்கும் விளிம்பு வெளியே வரும், பாம்பின் மூக்கு உரசாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. இரண்டு குறுகிய பக்கத்திலும் மேல்பாதியில் பத்துப் பன்னிரண்டு துளை போதும். தெர்மாகோல் பலகையில் அதற்கு நேராக ஒரு பட்டை வெட்டிவிட மறக்க வேண்டாம்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று அடியில் தங்கும். அதே அறையில் தரையிலும் மேசை உயரத்திலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும். அந்த மூன்று டிகிரி இலவசம். இடுப்பு உயரத்தில், உள்சுவரை ஒட்டி, ஜன்னலுக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி வையுங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைப்பதும் சரியில்லை. அது எரியும்போது ஒரு பக்கம் காயும், அணைந்தால் ஆறும், உங்கள் தெர்மோஸ்டாட்டுக்கு அதன்மேல் எந்தப் பிடியும் இல்லை.

மேட், தெர்மோஸ்டாட், புரோப்

மேட் பெட்டிக்கு வெளியே, அடியில், ஒரு முனையை ஒட்டி, தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் கார்பன் பூச்சு விரிசல் விட்டு அங்கே மட்டும் சூடு கூடும். பழைய மேட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தெரிந்தால் அது கருகத் தொடங்கிவிட்டது, தூக்கிப் போடுங்கள். மேட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் ஒரு பீங்கான் டைல் வையுங்கள். தெர்மாகோல் நேரடியாக மேட்டைத் தொட வேண்டாம். பெட்டியின் நான்கு மூலையிலும் 5 மி.மீ. ரப்பர் கால் ஒட்டினால் மேட் நசுங்காது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டைப் போடவே கூடாது. கட்டுப்பாடில்லாத மேட், மேலே ஏதாவது மூடியிருந்தால் 45 டிகிரியைத் தாண்டும். பாம்பு சுட்டால் எழுந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம். குளிர் அறையில் வேறு சூடான இடமே இல்லாத பாம்பு வயிறு வெந்தாலும் அங்கேயே கிடக்கும். வயிற்றுச் செதில்களில் சிவப்பும் கொப்புளமும் வந்த பிறகுதான் தெரியவரும். மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டே போதும். டிம்மிங், பல்ஸ் வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பிரிட்டனில் என்றால் பிளக்கில் 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள். தண்ணீர் சிந்தினால் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

இந்த ஏற்பாட்டிலேயே அதிகம் கெட்டுப்போகிற பாகம் புரோப், அதாவது தெர்மோஸ்டாட்டின் வயர் நுனியில் சூட்டை அளக்கும் முனை. வேலை செய்யாமல் போவதில்லை, இடம் மாறிவிடுகிறது. உள்ளே காகிதத்துக்கடியில் வைத்த புரோப்பைப் பாம்பு ராத்திரியில் தள்ளிக் குளிர்ந்த முனைக்குக் கொண்டுபோகும். அங்கே 22 என்று படித்த தெர்மோஸ்டாட், இன்னும் சூடு வேண்டும் என்று மேட்டை விடாமல் எரியவிடும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தோ, பாம்பு சிறுநீர் கழித்தோ புரோப் நனைந்தாலும் இதே கதைதான். ஈரம் ஆவியாகும்போது புரோப் குளிரும், நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், மேட் மேலும் எரியும்.

தற்காலிகப் பெட்டிக்கு நல்லது, புரோப்பை வெளியே, மேட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவில், மேட்டின் மையத்தில் வைத்து அலுமினியம் ஃபாயில் டேப்பால் ஒட்டிவிடுவது. பாம்பு தொட முடியாது, நனையாது. இதில் குறை என்னவென்றால், புரோப் படிக்கும் சூடும் உள்தரையின் சூடும் ஒன்றாக இருக்காது. பிளாஸ்டிக்கும் காகிதமும் தாண்டி வர ஒன்று முதல் மூன்று டிகிரி குறையும். அதனால் 33-இல் தொடங்கி, உள்ளே தரையில் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் புரோப்பை வைத்து 31 வரும்வரை அரை அரை டிகிரியாகத் திருத்துங்கள். டயலில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி தெர்மாமீட்டர் வைத்திருந்தால் காகிதத்தின்மேல் பிடியுங்கள். ஃபாயில் போன்ற பளபளப்பான பரப்பில் அது தப்பாகக் காட்டும்.

32-ஐ வைக்காமல் 31-இல் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் தரையில் 31 காட்டும் இடத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பாம்பு சுருண்டு உட்கார்ந்தால் கீழே சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். தட்டையான அடியுள்ள கனமான கிண்ணத்தை மேட்டின்மேல் வைத்தாலும் அப்படித்தான். கிண்ணம் எப்போதும் குளிர்ந்த முனையில், பாதி அளவு தண்ணீருடன்.

உள்ளே எந்த டேப்பும் வேண்டாம். ஒட்டும் பக்கம் ஒரு மூலை பிரிந்தால் போதும், பாம்பு அதில் சிக்கிச் செதிலோடு பிய்த்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெய் தடவி, பசை இளகும்வரை பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள்.

தெர்மாகோல் போட்ட பிறகு ஒரு ஆபத்து கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்கிற சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மேட் அணையாமல் போனால், சூடு வெளியேற வழியில்லாத பெட்டி முன்பைவிட அதிகம் சூடாகும். இதற்குத்தான் பெரிய மேட் வேண்டாம் என்பது. 12 வாட் மேட் பழுதானாலும் மறுமுனையில் பாம்பு ஒதுங்க இடமிருக்கும். 30 வாட் மேட் அந்த இடத்தையும் விட்டுவைக்காது. அலாரம் உள்ள தெர்மாமீட்டர் ஒன்றை உள்தரையில் வைத்து 35-க்கு அமைத்துவிட்டால் தூக்கம் வரும்.

பாம்பை விடுவதற்கு முன்

காலிப் பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். கிச்சன் பேப்பர் இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொரு முனையிலும் ஒரு மறைவிடம், கிண்ணத்தில் தண்ணீர், எல்லாம் உள்ளே இருக்கட்டும். மறைவிடம் பாம்பின் முதுகு கூரையைத் தொடும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வைத்து அதையும் மேட்டின்மேல் வைத்தால், பாதுகாப்பா குளிர்ச்சியா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பால் பைத்தான் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும்.

மிகக் குறைந்த, மிக அதிக எண்ணை நினைவில் வைக்கும் தெர்மாமீட்டர் இங்கே கைகொடுக்கும். மாலை ஏழு மணிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். அறை அடிமட்டத்துக்கு இறங்குவது விடியற்காலையில். காலையில் எழுந்து குளிர்ந்த முனையின் குறைந்தபட்ச எண்ணைப் பாருங்கள். 24-க்கு மேல் இருந்தால் பாம்பை விடலாம். 22, 23 என்றால் மூடிமேல் பலகையைச் சரிபாருங்கள், பெட்டியைச் சுற்றிப் பலகைகளின் மூலை இடுக்குகளை டேப் போட்டு மூடுங்கள். அதற்கும் கீழே என்றால் மேட்டால் ஆகாது. அறையையே தெர்மோஸ்டாட் உள்ள எண்ணெய் ரேடியேட்டரால் 20, 21-க்கு ஏற்ற வேண்டியதுதான். ஏற்கெனவே சூடாக இருக்கும் பெரிய விவேரியம் ஒன்று காலியாக இருந்தால், பெட்டியை அப்படியே அதற்குள் வைத்துவிடுவது இதைவிட மலிவு.

செராமிக் ஹீட்டரையோ பல்பையோ பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொங்கவிட வேண்டாம். செராமிக் ஹீட்டரின் முகம் 200 டிகிரியைத் தாண்டும், பெட்டி உருகும். ஹீட் ராக் எனப்படும் சூடான செயற்கைக் கல்லும் வேண்டாம். கை சூடாக்கும் பாக்கெட்டுகள் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்வதால் சூடாகின்றன. சின்னப் பெட்டிக்குள் பாம்பின் பங்குக் காற்றையே அவை எடுக்கும், 60 டிகிரி வரையும் போகும்.

ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். சுவரில் துளித்துளியாக நீர் கோத்தால், உள்காற்று அதிக ஈரம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கிறது என்பதும் பொருள். பலகை இல்லாத பக்கத்தில்தான் முதலில் வியர்க்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த தரைதான் பால் பைத்தானின் செதில் அழுகலுக்கும் மூச்சுத் தொற்றுக்கும் வழி. நனைந்த காகிதத்தை அன்றே மாற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் இரை வேண்டாம். பெட்டியின் சூடு நிலையாக நின்று, பாம்பும் அடங்கிய பிறகு கொடுங்கள். குளிரில் செரிமானம் நின்றுபோகும், வயிற்றிலேயே எலி அழுகத் தொடங்கும், கக்கிவிடும். கக்கினால் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல், சூட்டைச் சரிபார்த்துவிட்டு, வழக்கத்தைவிடச் சின்ன இரையில் தொடங்க வேண்டும். இரை விழுங்கிய 48 மணி நேரத்துக்குள் பெட்டி மாற்றுவதும் கூடாது.

பாம்பின் நடத்தையே மிச்சத்தைச் சொல்லும். எப்போதும் சூடான முனையில் என்றால் பெட்டி மொத்தமும் குளிர். எப்போதும் குளிர்ந்த முனையில், மூடியின் விளிம்பில் மூக்கை உரசிக்கொண்டு என்றால் சூடு அதிகம். கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தால் அதுவும் சூட்டினால் இருக்கலாம், இல்லை மைட்ஸ். தண்ணீரில் மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, சீழ்க்கைபோல் சத்தம், மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி: இவற்றில் எது தெரிந்தாலும் சூட்டைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மின்சாரம் போனால் முதலில் மூடியைத் திறக்காதீர்கள். பெட்டியைச் சுற்றிக் கம்பளி போடுங்கள், துளைப் பக்கத்தை விட்டுவிட்டு. தெர்மாகோல் போட்ட பெட்டி மெதுவாகத்தான் ஆறும். நேரம் நீண்டால், பாம்பைத் தையல் பிரியாத தலையணை உறைக்குள் விட்டு வாயை முடிச்சுப் போட்டு, காற்றுத் துளையுள்ள ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். கூடவே 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வைக்கலாம், பாம்பு அதை நேராகத் தொடாதபடி. கொதிநீர் ஊற்றாதீர்கள். உடல்நலமுள்ள வளர்ந்த பால் பைத்தான் சில மணி நேரம் 20 டிகிரியைத் தாங்கும். முந்தைய நாள் இரை விழுங்கியிருந்தால்தான் அவசரம்.

விவேரியம் தயாரானதும் அதை ஒரு நாள் முன்னதாகவே எரியவிட்டு, அங்கேயும் இதே விடியற்காலை எண்ணைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். தற்காலிகப் பெட்டியின் மேட்டைச் சுருட்டி வைக்காமல் தட்டையாக, மேலே கனம் ஏதும் இல்லாமல் அலமாரியில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் புரோப் வயரை உடம்போடு இறுக்கிச் சுற்றினால் அது வளையும் இடத்தில்தான் அடுத்த முறை அறுந்திருக்கும்.